ஷின்செங்குமி: ஷோகுனுக்காக வாளெடுத்த குடியானவப் பிள்ளைகள்

கேள்வி இதுதான்: "ஷோகுன் (பேரரசரின் பெயரால் ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்) பக்கம் நின்ற சாமுராய்களைப் பற்றி ஜப்பானின் என்.எச்.கே. 2004-ல் எடுத்த 'ஷின்செங்குமி!' தொடரைப் பார்க்க ஆரம்பித்தேன். பத்து எபிசோட் ஆகிவிட்டது. இளவட்டங்கள் கூடிச் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் ஷின்செங்குமி என்றால் கியோட்டோவில் ஷோகுனுக்காக இயங்கிய கொலைகாரப் படை என்றுதான் படித்திருக்கிறேன். இவர்கள் நாயகர்களா, வில்லன்களா? கதையில் எவ்வளவு உண்மை? மீதி முப்பத்தொன்பதையும் பார்க்கலாமா?"

பாருங்கள். கட்டாயம் பாருங்கள். அந்தச் சிரிப்பையெல்லாம் கவனமாக மனசில் வைத்துக்கொண்டு பாருங்கள், ஏனென்றால் பின்பாதியில் ஒவ்வொரு சிரிப்புக்கும் கணக்குத் தீர்க்கப்படும். நான் இந்தத் தொடரை மூன்று முறை முழுதாகப் பார்த்திருக்கிறேன். இந்தக் காலகட்டத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் பல வருடங்களாகப் படித்தும் வருகிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில், இது எந்த வகைத் தொடர் என்று. என்.எச்.கே. 1963 முதல் ஆண்டுக்கு ஒரு வரலாற்றுத் தொடரை ஞாயிறு இரவுகளில் ஒளிபரப்பிவருகிறது. 'தைகா' என்று பெயர். பெருநதி என்று பொருள். ஜனவரியில் தொடங்கி டிசம்பர் வரை ஒரே கதை. 'ஷின்செங்குமி!' அந்த வரிசையில் 43-வது. எழுதியவர் மிட்டானி கோக்கி. மேடை நாடகத்திலிருந்து வந்தவர், நகைச்சுவைக்குப் பேர்போனவர். பிறகு 2016-லும் 2022-லும் மறுபடி தைகா எழுதினார். ஆனால் அவருக்கு இதுதான் முதல் தைகா. ரத்தம் தோய்ந்த ஒரு வரலாற்றை நகைச்சுவைக்காரர் கையில் கொடுத்துவிட்டார்களே என்று அப்போது முணுமுணுப்பு எழுந்தது.

மிட்டானி தனக்குத்தானே ஒரு விதி போட்டுக்கொண்டார். கூடியவரை ஒரு எபிசோடில் ஒரே ஒரு நாள். 1850-களில் அமெரிக்கக் கறுப்புக் கப்பல்கள் எடோ (இன்றைய டோக்கியோ) விரிகுடாவுக்கு வந்ததிலிருந்து 1868-ல் ஷின்செங்குமியின் தலைவர் கொண்டோ இசாமியின் தலை விழும்வரை ஏறத்தாழ பதினைந்து வருடம். அதிலிருந்து 49 நாட்களை மட்டும் பொறுக்கி எடுக்கிறார். நீங்கள் 'சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள்' என்று நினைத்த எபிசோடுகள் அப்படித்தான் அமைந்தவை. பெரிய சம்பவம் ஏதும் நடக்காத ஒரு நாளில் இந்த மனிதர்கள் என்ன சாப்பிட்டார்கள், எதற்குச் சண்டை போட்டார்கள், யாரைப் பார்த்துக் கூச்சப்பட்டார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அப்புறம் அவர்களில் ஒருவர் செத்தால் நம் வீட்டு ஆள் செத்த மாதிரி இருக்கிறது.

இனி அந்த மனிதர்கள் யார் என்பதற்கு வருகிறேன். இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் மீதி எதுவும் புரியாது.

'ஷோகுனுக்கு விசுவாசமான சாமுராய்கள்' என்று சொல்கிறோம். ஆனால் நடுநாயகமான இருவரும் பிறப்பால் சாமுராய் கிடையாது. கொண்டோ இசாமி 1834-ல் எடோவுக்கு மேற்கே தாமா வட்டாரத்தில், இன்றைய சோஃபு நகரம் இருக்கும் பகுதியில், மியாகாவா என்ற குடியானவர் வீட்டில் பிறந்தவர். அவரைவிட ஒரு வயது இளையவரான ஹிஜிகாட்டா தோஷிஸோ, இன்றைய ஹினோவில் இருக்கும் இஷிதா ஊர்க்காரர். வசதியான விவசாயக் குடும்பம். அடிபட்ட காயத்துக்குச் சூடான சாக்கேயில் (அரிசி மதுவில்) கலந்து குடிக்கும் 'இஷிதா சன்யாகு' என்ற மருந்துப்பொடி அவர்களுடைய வீட்டுத் தயாரிப்பு. அதை முதுகில் சுமந்து ஊர் ஊராக விற்றவர்தான் பிற்காலத்தில் பேரரசரின் தலைநகரான கியோட்டோவையே நடுங்கவைத்த துணைத் தளபதி.

தாமா வட்டாரத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதில் பெரும்பகுதி எந்தச் சிற்றரசருக்கும் உட்படாத, ஷோகுனின் நேரடி நிலம். 'நாங்கள் தோகுகாவா (ஷோகுனின் குடும்பம்) வீட்டுக் குடிகள்' என்ற பெருமிதம் அந்த விவசாயிகளுக்கு இருந்தது. தங்கள் ஊரைத் தாங்களே காத்துக்கொள்ள வாள்வித்தையும் கற்றார்கள். அங்கே பரவியிருந்தது தென்னென் ரிஷின்-ரியூ என்ற பள்ளி. நளினம் குறைவு, பலம் அதிகம். தடித்த கனமான மரவாளால் பயிற்சி. எடோவின் பேர்பெற்ற களரிகளில் இருந்தவர்கள் இதைப் பட்டிக்காட்டு வாள்வீச்சு என்று ஏளனம் செய்தார்கள். அந்தப் பள்ளியின் மூன்றாவது ஆசான் கொண்டோ ஷூசுகே, குடியானவப் பையனின் துணிச்சலைப் பார்த்து அவனைத் தத்தெடுத்தார். 1861-ல் இசாமி நான்காவது ஆசானாகிறார். எடோவின் இச்சிகாயாவில் 'ஷியேய்கான்' என்ற அவர்களுடைய சின்னக் களரியில் வேலை வெட்டி இல்லாத வாள்வீரர்கள் வந்து ஒட்டிக்கொள்கிறார்கள். செண்டாயிலிருந்து வந்த படித்த யமனாமி கெய்சுகே, மட்சுமாயே பிரபுவின் ஆட்களில் பிறந்த நாகாகுரா ஷின்பாச்சி, இயோ நாட்டிலிருந்து வந்த முரட்டு ஹராடா சனோசுகே, சின்னப் பையன் தோடோ ஹெய்சுகே. ஏற்கெனவே அங்கே வளர்ந்த மேதை ஒகிட்டா சோஜி, ஹினோக்காரர் இனோவே கென்ஸபுரோ. நீங்கள் பார்த்துவரும் பத்து எபிசோடும் இந்தக் கூட்டத்தைப் பற்றியவைதான்.

நடிகர்களின் வயதையும் கவனியுங்கள். கொண்டோவாக வரும் கட்டோரி ஷிங்கோ அப்போது ஸ்மாப் என்ற பாட்டுக் குழுவின் உச்ச நட்சத்திரம், இருபத்தேழு வயது. ஹிஜிகாட்டாவான யமமோட்டோ கோஜிக்கும் அதே வயதுதான். ஒகிட்டாவான ஃபுஜிவாரா தட்சுயா இன்னும் சின்னவர். அதற்குமுன் நரைத்த மூத்த நடிகர்கள் இந்த வேடங்களைப் போட்டுப் போட்டு, ஷின்செங்குமி என்றால் நடுவயதுக்காரர்களின் படை என்ற எண்ணம் பலருக்கு இருந்தது. உண்மையில் 1863-ல் கியோட்டோவுக்குப் புறப்பட்டபோது கொண்டோவுக்கே முப்பது ஆகவில்லை. இன்னொரு சின்னத் தகவல்: உண்மையான கொண்டோ தன் முஷ்டியை முழுதாக வாய்க்குள் நுழைத்துக் காட்டுவார் என்று சொல்வார்கள். கட்டோரியாலும் அது முடியும்! தொடரில் அதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கும்.

முதல் எபிசோடைப் பற்றி ஜப்பானில் பலத்த கண்டனம் வந்தது. கொண்டோ, ஹிஜிகாட்டா, பின்னாளில் ஷோகுன் ஆட்சிக்கு எதிர்ப்பக்கம் நின்ற சக்காமோட்டோ ரியோமா, கட்சுரா கோகோரோ எல்லோரும் ஒன்றாகப் போய்க் கறுப்புக் கப்பலைப் பார்ப்பது போல மிட்டானி எழுதியிருந்தார். பின்னாளில் ஒருவரையொருவர் வேட்டையாடப்போகிறவர்கள் இளமையில் நண்பர்களா? அப்படிச் சந்தித்ததற்கு எந்த ஆவணமும் இல்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1853-ல் ரியோமா எடோவில் சிபா களரியில் பயின்றுகொண்டிருந்தார். கட்சுராவும் அங்கே வேறொரு களரியில் இருந்தார். கொண்டோ இச்சிகாயாவில். எல்லோரும் இருபது வயதை ஒட்டிய வாள்பயிற்சிப் பையன்கள், ஒரே ஊரில். சந்தித்தார்கள் என்பதற்குச் சான்று இல்லை. சந்தித்திருக்கவே முடியாது என்றும் சொல்ல முடியாது. வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாடகமாக எனக்கு அது பிடித்திருக்கிறது. இந்தப் பையன்கள் பிறவிப் பகைவர்கள் இல்லை, காலம் அவர்களை இரண்டு பக்கமாகப் பிரித்தது என்பதை அது தொடக்கத்திலேயே நட்டுவைக்கிறது.

இதற்கு மேல் நீங்கள் பார்க்கப்போவது. 1863 தொடக்கத்தில், ஷோகுன் கியோட்டோவுக்குப் போகும்போது பாதுகாப்புக்கு என்று எஜமானில்லாத வாள்வீரர்களைத் திரட்டுகிறார்கள். பிறப்பு பார்க்காத ஆள்சேர்ப்பு. கியோகாவா ஹச்சிரோ என்பவரின் யோசனை அது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் நக்காசென்டோ மலைப்பாதை வழியாக நடந்து போகிறார்கள். போய்ச் சேர்ந்ததும் கியோகாவா குட்டையைக் கிளப்புகிறார்: நாம் வந்தது ஷோகுனுக்காக இல்லை, பேரரசருக்காக வெளிநாட்டாரை விரட்ட. பெரும்பாலோர் அவரோடு எடோவுக்குத் திரும்ப, ஒரு சின்னக் கூட்டம் 'ஷோகுனைக் காக்கத்தான் வந்தோம், இங்கேயே இருப்போம்' என்று கியோட்டோவின் ஓரத்தில் மிபு என்ற கிராமத்தில் தங்கிவிடுகிறது. கொண்டோவின் ஆட்களும், மித்தோ நாட்டுக்காரரான செரிசாவா கமோவின் ஆட்களும். அதுதான் ஷின்செங்குமியின் கரு.

இவர்களுக்குப் படியளக்க ஒருவர் வேண்டுமே. அங்கேதான் ஐஸு நாட்டின் (ஜப்பானுக்குள் இருந்த சிற்றரசுகளில் ஒன்று) தலைவர் மட்சுதைரா கட்டமோரி வருகிறார். தொடரில் சுட்சுய் மிச்சிதாகா அவரை மெல்லிய குரலும் உறுதியுமாக நடித்திருக்கிறார். ஷோகுன் விசுவாசம் என்ற சொல்லுக்கு உண்மையான எடை தெரிய வேண்டுமென்றால் ஐஸுவைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வம்சத்தின் முன்னோர் ஹோஷினா மசாயுக்கி, மூன்றாவது ஷோகுனின் தம்பி, ஒரே தந்தைக்கு வேறு தாயிடம் பிறந்தவர். 1668-ல் தன் வழித்தோன்றல்களுக்குப் பதினைந்து விதிகள் எழுதிவைத்தார். முதல் விதியே இதுதான்: ஷோகுனுக்கு ஒரே மனதோடு தொண்டு செய்யுங்கள், என் வாரிசு எவனாவது இரட்டை மனம் கொண்டால் அவன் என் பிள்ளையில்லை, அவன் பின்னால் யாரும் போகாதீர்கள். கியோட்டோ காவல் தலைமையை ஏற்கும்படி 1862-ல் கட்டமோரிக்கு ஆணை வந்தபோது, 'விறகைச் சுமந்துகொண்டு தீக்குள் இறங்குவதற்குச் சமம்' என்று அவருடைய மூத்த அதிகாரிகள் தடுத்தார்கள். இந்த முதல் விதியைச் சுட்டிக்காட்டித்தான் அவரைச் சம்மதிக்க வைத்தார்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் 'நாயகர்களா வில்லன்களா' கேள்விக்கு இதில்தான் பாதி விடை. பின்னாளில் வென்றவர்கள் எழுதிய வரலாற்றில் ஐஸுவும் ஷின்செங்குமியும் 'பேரரசரின் பகைவர்கள்'. ஆனால் அந்தப் பேரரசர் கோமேய் இருந்தவரை அவர் மிகவும் நம்பிய மனிதர் கட்டமோரிதான். 1863-ல் ஐஸுவும் சத்சுமா என்ற சிற்றரசும் சேர்ந்து, சோஷு என்ற இன்னொரு சிற்றரசின் தீவிரவாதிகளை அரண்மனையைவிட்டு வெளியேற்றியபோது, பேரரசர் தன் கைப்பட நன்றிக் கடிதமும் கவிதைகளும் எழுதி கட்டமோரிக்குக் கொடுத்தார். கோமேய் 1867 தொடக்கத்தில் இறந்தார். ஒரே வருடத்தில் பேரரசரின் கொடியே எதிர்ப்பக்கம் போய்விட்டது. கட்டமோரி அந்தக் கடிதத்தை ஒரு மூங்கில் குழாயில் போட்டு, 1893-ல் சாகும்வரை உடம்பைவிட்டு அகற்றாமல் வைத்திருந்தார். 'துரோகி' என்று தன்னைச் சொன்னவர்களிடம் அதைக் காட்டி வாதாடவும் இல்லை.

ஆகவே எந்தப் பக்கம் விசுவாசம், எந்தப் பக்கம் துரோகம் என்பது அந்த ஐந்து வருடங்களில் மாதத்துக்கு மாதம் மாறியது. மாறாமல் நின்றவர்கள்தான் கடைசியில் குற்றவாளிகள் ஆனார்கள்.

அதற்காக ஷின்செங்குமியின் கை சுத்தம் என்று நான் சொல்லமாட்டேன். தொடரும் சொல்லவில்லை. செரிசாவா கமோ கதையிலிருந்தே அது ஆரம்பமாகிறது. சாட்டோ கோய்ச்சி அந்த வேடத்தில் செய்திருப்பதை என்ன சொல்லிப் புகழ்வது! குடித்தால் மிருகம், குடிக்காதபோது கூட இருப்பவர்களைவிடத் தெளிவாகக் காலத்தைப் புரிந்தவர். பயணத்தின்போது ஹோஞ்ஜோ என்ற ஊரில், தங்குமிடம் ஏற்பாடு செய்யும் பொறுப்பிலிருந்த கொண்டோ அவருக்கு அறை ஒதுக்க மறந்துபோக, நடுத்தெருவில் பெருநெருப்பு மூட்டி உட்கார்ந்த கதை நாகாகுராவின் நினைவுக்குறிப்புகளில் வருகிறது. தொடரில் அது ஒரு முழு எபிசோட். கியோட்டோவுக்கு வந்தபின் வணிகர்களை மிரட்டிப் பணம், ஒசாகாவில் மல்லர்களோடு சண்டை, பட்டு வணிகர் கிடங்குக்குத் தீ. கடைசியில் 1863 இலையுதிர்காலத்தில் ஒரு மழை இரவில், விருந்து வைத்துக் குடிக்கக் கொடுத்து, தூங்கும்போது கூட்டாளிகளே வெட்டிக் கொன்றார்கள். பக்கத்தில் படுத்திருந்த ஓஉமே என்ற பெண்ணையும். கொலை நடந்த யாகி குடும்பத்து வீடு மிபுவில் இன்னும் இருக்கிறது. கியோட்டோவில் இருந்தபோது போய்ப் பார்த்தேன். தாழ்ந்த வாசல்விட்டத்தில் வாள் பாய்ந்த தழும்பு. மரத்தில் விரற்கடை ஆழம். வெளியே வந்தால் தேநீரும் ஒரு இனிப்பும் தருகிறார்கள். எனக்கு அதைச் சாப்பிட வெகுநேரம் ஆயிற்று.

1864 ஜூலையில் இகேதாயா. இதைத்தான் எல்லோரும் ஷின்செங்குமியின் பெருமையாகச் சொல்வார்கள். ஃபுருதாகா ஷுந்தாரோ என்பவரைப் பிடித்துச் சித்திரவதை செய்து, கியோட்டோவுக்குத் தீ வைத்துப் பேரரசரைக் கடத்தத் திட்டம் என்று வாக்குமூலம் வாங்கினார்கள். சித்திரவதையில் வந்த வாக்குமூலம் என்பதால், அப்படி ஒரு திட்டம் இருந்ததா என்று ஆய்வாளர்கள் பலர் இன்றும் சந்தேகப்படுகிறார்கள். கூட்டம் எங்கே நடக்கிறது என்று தெரியாமல் படை இரண்டாகப் பிரிந்து தேடியது. சன்ஜோ பாலத்துக்குப் பக்கத்து இகேதாயா சத்திரத்தில் கொண்டோ, ஒகிட்டா, நாகாகுரா, தோடோ என்று விரல்விட்டு எண்ணக்கூடிய பேர் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் நடுவே நுழைந்தார்கள். ஒகிட்டா சண்டை நடுவே மயங்கி விழுந்தார், தோடோவுக்கு நெற்றி பிளந்தது, நாகாகுராவுக்குக் கட்டைவிரல் கிழிந்தது. ஹிஜிகாட்டாவின் குழு பிறகுதான் வந்து சேர்ந்தது. சண்டைக் காட்சிக்காகவே பார்க்க வேண்டிய எபிசோட்தான். ஆனால் என் மனசில் அது நிற்கவில்லை.

நின்றது 33-வது எபிசோட். பெயரே 'நண்பனின் மரணம்'.

இந்தப் படைக்குக் கடுமையான சட்டம் இருந்தது. சாமுராய் நெறி மீறினால், படையைவிட்டு ஓடினால், தன்னிஷ்டத்துக்குப் பணம் திரட்டினால், தன்னிஷ்டத்துக்கு வழக்கு விசாரித்தால் வயிற்றைக் கிழித்துக்கொள்ள வேண்டும். சொந்தச் சண்டை கூடாது என்று ஐந்தாவது ஒன்றும் பிரபலம். ஆனால் அது 1928-ல் வெளிவந்த ஷிமோசாவா கானின் நூல் வழியாகப் பரவியது. உள்ளே இருந்த நாகாகுரா சொன்னவை நாலே நாலு. எதற்கு இவ்வளவு கடுமை? பிறவிச் சாமுராய்களுக்குத் தலைமுறைகளின் கட்டுப்பாடு ரத்தத்தில் இருந்தது. விவசாயி, மருந்து விற்றவர், எஜமானை இழந்தவர் என்று நாலு திசையிலிருந்து வந்த ஆட்களைக் கட்டிவைக்கச் சட்டம் மட்டுமே இருந்தது. பிறப்பால் கிடைக்காத சாமுராய்த்தனத்தை நடத்தையால் அடைய வேண்டும், அதுவும் பிறந்தவர்களைவிட ஒரு படி மேலாக. கொண்டோவையும் ஹிஜிகாட்டாவையும் ஆட்டிவைத்தது இந்த வேகம்தான் என்பது என் முடிவு. செஞ்சோற்றுக் கடன் என்று நாம் சொல்வது உண்ட சோற்றுக்கு. இவர்கள் சோறு போடுவதற்கு முன்பே கடனை ஏற்றுக்கொண்டவர்கள்.

அந்தச் சட்டம் 1865 தொடக்கத்தில் யமனாமியைத் தேடி வந்தது. ஷியேய்கான் காலத்து நண்பர், படையின் மூத்த தலைவர்களில் ஒருவர். ஏன் ஓடினார் என்று உறுதியாகத் தெரியாது. நிஷி ஹொங்கான்-ஜி கோயிலைப் படையின் இருப்பிடமாக எடுத்துக்கொள்வதில் கருத்து வேறுபாடு என்பது ஒரு விளக்கம். ஒட்சுவில் பிடிபட்டார். தேடிப்போனது ஒகிட்டா, தம்பி மாதிரி பழகியவர். திரும்பிக் கூட்டிவந்து, வயிற்றைக் கிழித்துக்கொள்ளும்போது கழுத்தை வெட்டி வேதனையைச் சுருக்கும் வேலையும் ஒகிட்டாவுக்கே.

தொடரில் கொண்டோவும் ஹிஜிகாட்டாவும் ஒகிட்டாவை மட்டும் தனியாக அனுப்புகிறார்கள். 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று அவன் திரும்பி வரட்டும் என்பதே அவர்களுடைய ஆசை. ஒகிட்டாவும் கவனிக்காதது போலக் கடந்துபோகிறான். யமனாமிதான் அவனைக் கூப்பிடுகிறார். திரும்பி வந்த பிறகும் நண்பர்கள் ஒவ்வொருவராக வந்து தப்பிக்க வழி காட்டுகிறார்கள். அவர் போகவில்லை. சகாய் மசாட்டோ அந்த எபிசோட் முழுக்க லேசான புன்னகையோடேயே இருக்கிறார். இன்று அவர் ஜப்பானின் முதல்தர நடிகர். அவரைப் பரவலாக அடையாளம் காட்டியது இந்த யமனாமிதான். சன்னலுக்கு வெளியே அவர் நேசித்த அகேசாட்டோ, கடுகுப் பூ மாதிரியான மஞ்சள் பூக்களோடு வந்து நிற்கும் காட்சியைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, நீங்களே பாருங்கள். அந்தச் சன்னல் கதைக்கும் உறுதியான சான்று இல்லை, ஷிமோசாவாவின் நூல் வழி வந்ததுதான். எல்லாம் முடிந்தபின், ஊரே கல்நெஞ்சன் என்று சொன்ன ஹிஜிகாட்டாவும் கொண்டோவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தைகள் மாதிரி அழுகிறார்கள். தண்டனை கொடுத்தவர்களே அவர்கள்தான். பத்து எபிசோட் சிரித்துக்கொண்டிருந்தார்களே என்றீர்கள், அது இதற்காகத்தான்.

இதற்குப் பிறகு கதை ஒரே சரிவு. ஒரு நூலை மட்டும் பிடித்துக் காட்டுகிறேன். 1864 கடைசியில் படிப்பாளியாகப் படைக்குள் வந்த இட்டோ காஷிதாரோ 1867-ல் ஒரு குழுவோடு பிரிந்து போகிறார். தோடோவும் அவரோடு போகிறார். அந்த டிசம்பரில் கொண்டோ தரப்பு இட்டோவுக்கு விருந்து வைத்து, திரும்பும் வழியில் கொன்று, சடலத்தை அபுரனோகோஜி தெருமுனையில் போட்டு, எடுக்க வருகிறவர்களுக்காகக் காத்திருக்கிறது. தோடோவைத் தப்பவிடும்படி கொண்டோ சொல்லியிருந்தார் என்று நாகாகுரா பின்னாளில் சொன்னார். விஷயம் தெரியாத ஒரு வீரன் வெட்டிவிட்டான். இகேதாயாவில் நெற்றி பிளந்தும் பிழைத்த பையன் பழைய கூட்டாளிகளின் கையால் செத்தான். அந்தக் குழுவில் உயிர்தப்பியவர்களில் கனோ வாஷியோ என்று ஒருவர். பெயரை நினைவில் வையுங்கள்.

அதற்கு முன்பே, 1867 நவம்பரில், கடைசி ஷோகுன் தோகுகாவா யோஷினோபு ஆட்சியைப் பேரரசரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். குடியானவப் பிள்ளைகள் ஷோகுனின் நேரடி வீரர்களாக முறையாக ஏற்கப்பட்டது அதே வருடக் கோடையில். வாழ்நாள் கனவு கைக்கு வந்து சில மாதத்தில், அதைக் கொடுத்த அரசே இல்லை. 1868 ஜனவரியில் தோபா-ஃபுஷிமியில் துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் எதிரே நிற்கிறார்கள். இனோவே கென்ஸபுரோ அங்கே இறந்தார். ஷோகுனோ போர் முடியும் முன்பே ஒசாகா கோட்டையிலிருந்து இரவோடு இரவாகக் கப்பலேறி எடோவுக்குப் போய்விட்டார், கட்டமோரியையும் கூட்டிக்கொண்டு. தலைவன் ஓடினால் அவனுக்கு எந்தச் சட்டமும் இல்லை. யமனாமிக்கு இருந்தது.

எடோவுக்குத் திரும்பி, கட்சுநுமாவிலும் தோற்ற பிறகு நாகாகுராவும் ஹராடாவும் கொண்டோவைவிட்டுப் பிரிகிறார்கள். 'எனக்குக் கீழ்ப்பட்ட வீரர்களாக இருந்தால் சேர்த்துக்கொள்கிறேன்' என்று கொண்டோ சொன்னதாகவும், 'தோழர்களாகத்தான் வந்தோம், உன் வேலையாட்களாக இல்லை' என்று தாங்கள் வெளியேறியதாகவும் நாகாகுரா சொல்லிவைத்திருக்கிறார். களரியில் ஒரே பானைச் சோறு தின்றவர்கள்.

1868 ஏப்ரலில் நாகாரேயாமாவில் சூழப்பட்ட கொண்டோ வேறு பெயரில் சரணடைகிறார். அடையாளம் காட்டியது கனோ வாஷியோ. அபுரனோகோஜியின் கடன் இப்படித் திரும்பி வந்தது. சக்காமோட்டோ ரியோமாவை முந்தைய டிசம்பரில் கொன்றது ஷின்செங்குமிதான் என்று அவருடைய சொந்த நாடான தோசாவின் ஆட்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1870-ல் மிமவாரிகுமி என்ற வேறொரு படையைச் சேர்ந்த இமாய் நொபுவோ தங்கள் வேலை என்று ஒப்புக்கொண்டார். ஆய்வாளர்கள் பெரும்பாலும் அதையே ஏற்கிறார்கள். ஆனால் கொண்டோவுக்கு அது காலம் கடந்த செய்தி. சாமுராய்க்கு உரிய மரணத்தைக் கூட அவருக்குக் கொடுக்கவில்லை. மே 17-ல் இதாபாஷியில் சாதாரணக் குற்றவாளியைப் போலத் தலையை வெட்டினார்கள். கியோட்டோவுக்குக் கொண்டுபோய் சன்ஜோ ஆற்றங்கரையில் வைத்தார்கள். இகேதாயாவிலிருந்து கூப்பிடு தூரம். வாள் இறங்குமுன் தொடரில் அவர் சொல்லும் கடைசிச் சொல் 'தோஷி'. ஹிஜிகாட்டாவின் செல்லப் பெயர். ஷோகுன் பெயர் வரவில்லை, நாட்டின் பெயர் வரவில்லை. இது மிட்டானியின் கற்பனை. ஆனால் 49 எபிசோடும் பார்த்தவருக்கு வேறு எந்தச் சொல்லும் பொருந்தாது.

'எவ்வளவு உண்மை' என்று மொத்தமாகக் கேட்டால்: யார் எப்போது எங்கே எப்படி இறந்தார் என்பதில் தொடர் பெரும்பாலும் நேர்மையானது. யார் யாரைத் தெரிந்துவைத்திருந்தார், என்ன பேசினார்கள் என்பதில் தாராளமானது. கொண்டோவை நிஜத்தைவிட இளகிய மனிதராகக் காட்டியிருக்கிறார்கள் என்பது என் குறை. இகேதாயாவுக்குப் பிறகு அவர் ஆணவம் பிடித்துவிட்டார் என்று நாகாகுராவும் சைட்டோ ஹஜிமேயும் வேறு சிலரும் கட்டமோரியிடமே எழுத்தில் முறையிட்ட வரலாறு உண்டு. அந்தக் கொண்டோவைத் தொடரில் போதுமான அளவு பார்க்க முடியவில்லை. நாயகனை நேசித்துவிட்ட எழுத்தாளரின் குறை அது.

49-ஐயும் முடித்த பிறகு ஒன்று மிச்சமிருக்கும். 2006 ஜனவரி 3-ல் மிட்டானியே எழுதி, யமமோட்டோ கோஜியே நடித்த ஒரு தனிப் படம் ஒளிபரப்பானது: ஹிஜிகாட்டாவின் கடைசி நாள். தைகா தொடர் ஒன்றுக்குத் தொடர்ச்சி எடுத்தது அதுதான் முதல் முறை. கொண்டோ இறந்தபின் ஹிஜிகாட்டா ஐஸு வழியாக வடக்கே ஹொக்காய்டோவின் ஹக்கோதாத்தே வரை போய், 1869 ஜூன் 20-ல் குண்டடிபட்டு இறந்தார். அதற்கு முன் இச்சிமுரா தெட்சுனோசுகே என்ற சிறுவனிடம் தன் புகைப்படத்தைக் கொடுத்து ஹினோவுக்கு அனுப்பினார். மேல்நாட்டு உடை, கத்தரித்த முடி, மருந்து விற்றவர் என்று சொல்ல முடியாத முகம். இன்று எல்லோரும் பார்ப்பது அந்தப் படம்தான்.

ஒகிட்டா காசநோயில் 1868-லேயே போய்விட்டார். கொண்டோ கொல்லப்பட்டது அவருக்குத் தெரியாது என்பார்கள். அனிமே பார்ப்பவர்களுக்குப் பழகிய சைட்டோ ஹஜிமே பிழைத்து, டோக்கியோ போலீஸில் சேர்ந்து, 1915 வரை வாழ்ந்தார். நாகாகுராவும் அதே 1915 வரை. கொண்டோவோடு சண்டைபோட்டுப் பிரிந்த அதே நாகாகுராதான் 1876-ல் இதாபாஷிக்குத் திரும்பி வந்து, கொண்டோவை வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கல் நாட்டினார். பழைய ஷோகுன் படைகளைப் புகழ்ந்து பேசினாலே ஆபத்தாக இருந்த காலம் இன்னும் முழுசாக முடியாத வருடம் அது. ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் நிற்கிறது. கொண்டோ செத்தது அங்கே, ஹிஜிகாட்டா செத்தது நாட்டின் மறுகோடியில். இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் செதுக்கவைத்திருக்கிறார்.